நைனா கண்ணு

ஆடிக் கிருத்திகை அன்றைக்கு நெசவாளர் தெருவில் எவனும் தறிக்குழியில் கால் வைக்க மாட்டான். நூல் ஓட்டும் நாடாவைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு திருத்தணி மலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷமும் தெரு அப்படித்தான் காலியாகக் கிடந்தது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வந்த காவடிகள் விடியற்காலையிலிருந்தே தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பம்பையும் அரோகராவுமாகக் காது அடைத்தது. அவ்வளவு சத்தத்துக்கும் நடுவே வீரபத்திரன் வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது.

குளத்தில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்த அவன் மகள் தமயந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா இது? கிருத்திகையும் அதுவுமா தறியில உக்காந்துகினு கீற?"

"மேஸ்திரிக்கு லுங்கி குடுக்கணும். நீ போயி செவப்புல நாலு தார் சுத்து."

"நேத்து கேட்டதுக்கு அவசரம் இல்லன்னியே?"

"நேத்து இல்ல, இன்னைக்கு இருக்குது. ஒரு பேச்சுக்கு ஒம்போது பேச்சு பேசாத."

அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அடுத்த வீட்டு அம்சா சும்மா இருப்பாளா? புருஷன் செத்த பிறகு கூலிக்குப் பாவு நூலில் கஞ்சி தோய்த்துப் பிழைக்கிறவள். வாய்தான் அவளுக்குச் சொத்து.

"முருகன் வந்து லுங்கி கேட்டானா மாமா? அப்படியே மயிலுக்கும் ஒண்ணு நெய்ஞ்சி போடு" என்றாள்.

வீரபத்திரன் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தமயந்திக்கு உறுத்தியது. அம்சா ஒன்று சொன்னால் திருப்பி இரண்டு சொல்லுகிற ஆள். அன்றைக்கு நாடாவை மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். மிதியில் கால் ஒரு சீராக விழவில்லை.

தமயந்தி சுவரைத் தடவிக்கொண்டு போய் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இடது பக்கக் கூடையில் சிவப்பு, வலது பக்கம் பச்சை, மடிக்குப் பக்கத்தில் வெள்ளை. அவளாக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. ஒரு கையில் சக்கரம், இன்னொரு கையில் நூல். தார்க்குழலில் நூல் ஏறுகிற கனத்தை விரல் சொல்லும். அறுந்தால் நாக்கில் ஈரம் தொட்டு முடி போடுவாள். ஏழெட்டு வருஷமாக அந்த மூலையில் அதே வேலை. தார் சுற்றினால்தான் நாடாவில் நூல், நாடாவில் நூல் இருந்தால்தான் தறி, தறி ஓடினால்தான் வீரபத்திரனுக்குக் கூலி. அவளுக்கு? சோறு.

முன்னால் அந்த வீட்டில் இரண்டு தறி இருந்தது. ஒன்று தமயந்தியுடையது. தாயில்லாப் பெண், பன்னிரண்டு வயதில் குழியில் இறங்கியவள், கட்டம் தப்பாமல் நெய்வாள் என்று மேஸ்திரியே அவள் லுங்கியைத் தனியாக எடுத்து வைப்பான். பொதட்டூர்பேட்டையில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்த சமயம் கண்ணில் நோவு வந்தது. இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்தது. பள்ளிப்பட்டுச் சந்தையில் எவனோ சொன்னான் என்று வீரபத்திரன் ஒரு தழையைப் பறித்துக்கொண்டு வந்தான். கசக்கிச் சாறு பிழிந்து ஊற்றினான்.

"எரியுது நைனா, எரியுது" என்று துடித்தாள்.

"எரிஞ்சாத்தான் மருந்து" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினான்.

சிவப்பு போனது. அது போன இடத்தில் வெள்ளை படர்ந்தது. கருவிழி மேல் கஞ்சி காய்ந்த மாதிரி. பகலா, விளக்கு வைத்துவிட்டார்களா என்கிற அளவுக்குத்தான் வெளிச்சம் தெரிந்தது. மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டான். அவள் தறி கழற்றப்பட்டு ஆர்.கே.பேட்டைக்காரன் ஒருவன் வண்டியில் ஏறிப் போனது. தமயந்தி ராட்டினத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அப்புறம் ஒரு கோடையில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். பட்டணத்து டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே நரம்பெல்லாம் நல்லா இருக்கும்மா. மேல் தோல்தான் கெட்டுப்போச்சு. செத்தவங்க கண்ணிலேருந்து அந்தத் தோலை எடுத்து வச்சா பார்வை வரும். யாராவது குடுத்தாத்தான் உண்டு. பேரைப் பதிஞ்சிட்டுப் போ, கண்ணு வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார். நூல்கடைப் பஞ்சாட்சரம் தன் கடைப் போன் நம்பரைக் கொடுத்தார்.

பக்கத்தில் நின்ற வீரபத்திரன் திடீரென்று கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"யாரும் குடுக்க வேணாம். நான் செத்தா என் ரெண்டு கண்ணையும் என் பொண்ணுக்கு வையுங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன்!"

பள்ளிக்கூடமே கைதட்டியது. முகாம் நடத்தினவர்கள் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், கைதட்டலில் அது கேட்கவில்லை, அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் கண்ணு குடுத்த வீரபத்திரன். டீக்கடையில் பெஞ்சு ஒதுங்கிக் கொடுத்தார்கள். பஞ்சாயத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தழைச்சாறு ஊற்றின கதையை ஊர் மறந்துபோனது. அவனும் மறந்துபோனான். அம்சா ஒருத்திதான் சொல்லுவாள்: "குடுத்தாராம் குடுத்தாரு. ரெண்டும் இன்னும் மூஞ்சியிலதான கீது?"

தமயந்திக்கு அந்த மாலை கழுத்தில் கல்லாக விழுந்தது. அப்பன் எப்போது சாவான் என்று காத்திருக்கிறவளாக அவளை ஆக்கிவிட்டார்கள். அவன் இருமினால் தெரு அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்தான். கஞ்சி வைத்து, கால் பிடித்து, ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாள். குழாயடியில் ஒருத்தி அவள் காதோரம் வந்து, "உனக்கு நல்ல காலம் பொறக்கப்போவுது தமயந்தி" என்றாள். குடத்தைச் சத்தம் வந்த பக்கமே எறிந்துவிட்டு வந்தாள். குடம் நசுங்கியது. அந்தச் சொல் நசுங்கவில்லை.

வீட்டிலும் அதே பாட்டுதான். தார் சுற்றக் கொஞ்சம் சுணங்கினால், "கண்ணையே குடுக்கறேன்னவனுக்கு ரெண்டு தார் சுத்தக் கசக்குதா?" என்பான். பொதட்டூர்பேட்டைச் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போகிறேன் என்றால், "போ. நாளைக்குக் கண்ணுக்கும் அவளையே கேளு" என்பான். கொடுக்காத கண்ணுக்கு இத்தனை வருஷம் வேலை வாங்கியாகிவிட்டது.

கிருத்திகை அன்றைக்கு உச்சி வெயில் ஏறினபோது சிவப்பில் நாலு தாரும் முடிந்து பச்சையில் கை வைத்திருந்தாள். தெருக்கோடியிலிருந்து அம்சா ஓடி வருகிற காலடி கேட்டது. பஞ்சாட்சரம் கடை வாசலில் காவடிக்காரர்களுக்கு நீர்மோர் ஊற்றிக் கொடுக்கப் போனவள்.

"தமயந்தி! நீ இன்னும் இங்கியா கீற?" மூச்சு வாங்கியது. "பஞ்சாட்சரம் கேக்கறாரு, பொண்ணு மெட்ராஸ் போயிடுச்சான்னு. காலையில ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துதாம். கண்ணு வந்திருக்குது, உடனே அனுப்புன்னு. நாம குளத்துக்குப் போயிருந்தோமே, அப்போ அவரே வந்து உங்க நைனாவாண்ட சொன்னாராம்!"

தறி நின்றது.

ராட்டினச் சக்கரம் மட்டும் தானாக இன்னும் கொஞ்சம் சுற்றி நின்றது. தமயந்தி எழுந்தாள். கையில் பாதி ஏறின தார் இருந்தது.

"நைனா. போன் வந்துதா?"

"ஆங். வந்துது." குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இந்தக் கூட்டத்துல எப்படிப் போறது? ரயிலு பஸ்ஸு எல்லாம் ஜனம் தொங்கிகினு வருது. நாளைக்குப் போலாம்னு இருந்தேன்."

"ஜனம் ஊருக்குள்ள வருது. நான் ஊரை உட்டுப் போறேன். போற ரயில்ல யாரு இருக்கான்?"

"நல்ல நாளும் அதுவுமா பொணத்துக் கண்ணை வாங்கப் போவாங்களா?"

"நல்ல நாள்ல தறி ஓட்டலாமா?"

வீரபத்திரன் குழியிலிருந்து மேலே ஏறினான். குரலும் ஏறியது.

"எவன் கண்ணோ! என்னா சாதியோ, என்னா நோவுல செத்தவனோ! பெத்தவன் நான் ரெண்டு கண்ணை வச்சிகினு கல்லு மாதிரி நிக்கும்போது, அவன் கண்ணு இவன் கண்ணுன்னு ஏன் அலையணும்? ஊரு என்னா சொல்லும்? வீரபத்திரன் குடுக்கறேன்னான், பொண்ணு பொறுக்க மாட்டாம வேற எங்கியோ வாங்கிகினா, அப்படின்னு சொல்லாது?"

அவ்வளவுதான் விஷயம். கூட்டம் இல்லை, நல்ல நாள் இல்லை. மாலை. பள்ளிக்கூடத்தில் போட்ட அந்தக் காய்ந்த மாலை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. கண் வந்தால் இவள் ராட்டினத்தில் உட்கார மாட்டாள், தறி கேட்பாள். அதை அவன் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நான் எப்போ நைனா கேட்டேன் உன் கண்ணை?" என்றாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நீ சாவணும்னு நான் எப்போ கேட்டேன்? எனக்கு வந்த கண்ணு அது. என்னைக் கேக்காம அதை மூடி வைக்க நீ யாரு?"

தாரை அவன் காலடியில் வீசினாள். நூல் பிரிந்து தரையெல்லாம் ஓடியது.

அம்சா தன் வீட்டுக்குள் போய்க் காசு முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "வா. வாய் பேசிகினு இருந்தா ரயிலு நிக்காது."

ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு முழுக்க எதிரே ஜனம். மொட்டைத் தலைகளும் பூக்காவடிகளும் மஞ்சள் புடவைகளும். மரிக்கொழுந்தும் வேர்வையும் கற்பூரமும் மூக்கை அடைத்தன. அம்சா முன்னால் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு போனாள். தமயந்தி அவள் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"ஏம்மா, மலை அந்தாண்ட கீது, இந்தாண்ட எங்க போற?" என்று ஒருவன் கேட்டான்.

"உங்க சாமியைக் கொஞ்சம் வழிவிடச் சொல்லு, வந்து அப்புறம் கும்புடறோம்" என்று அம்சா அவனையும் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

ரயிலில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் எதிரே வருகிற ஸ்பெஷல்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு அது வெட்டவெளியில் நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும் தமயந்தி எழுந்து நின்றாள். எழுந்து நின்றால் ரயில் ஓடுமா? ஆனாலும் எழுந்தாள்.

"முதல்ல எதைப் பாப்ப?" என்று அம்சா கேட்டாள், பேச்சுக் கொடுக்க.

"நூலு" என்றாள் தமயந்தி. "பாவுல ஒரு இழை அறுந்தா எங்க அறுந்துதுன்னு நானே பாக்கணும்."

"என் மூஞ்சியைப் பாக்க மாட்டியா?"

"அது எங்க ஓடப்போவுது?"

அம்சா சிரித்தாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். நீளமான வராந்தாவில் டெட்டால் நாற்றம். பேரைச் சொன்னதும் நர்ஸம்மா உள்ளே போய்விட்டு வந்தாள். வந்த நடையிலேயே தமயந்திக்குத் தெரிந்துபோனது.

"காலையிலேருந்து உனக்காகத்தான் வச்சிருந்தோம்மா. மத்தியானம் வரைக்கும் பாத்தாங்க. கண்ணு நமக்காகக் காத்துகிட்டு இருக்காது, கெட்டுப்போயிடும். வரிசையில அடுத்து இருந்தவங்களுக்கு வச்சிட்டாங்க."

"எடுத்துக் குடுங்க!" என்று அம்சா கத்தினாள். "இவ பேருக்கு வந்தது. எடுத்துக் குடுங்க. எவளுக்கு வச்சீங்க?"

"வச்சதை எப்படிம்மா எடுக்கறது? காலையிலயே போன் போட்டாச்சு. சொல்லிடறோம்னு சொன்னாங்களே. நீங்க ஏன் வரல?"

ஏன் வரல? அம்சா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து அறையில் ஒரு பெண் முனகுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆம்பளைக் குரல், "ஏடவொத்து, ஏடவொத்து, கட்டு தடிசிப்போத்துந்தி" என்று தெலுங்கில் தேற்றியது. அழுதால் கட்டு நனைந்துவிடும் என்கிறான். சூளூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களாம். தகவல் கிடைத்ததும் விறகு லாரியில் ஏறி ஓடி வந்தார்களாம். தமயந்தி கதவோரம் நின்று கேட்டாள். தனக்கு வந்த கண் போய்ச் சேர்ந்த அந்தப் பெண்மேல் நெஞ்செரிச்சலாக வந்தது. அவள் கட்டைப் பிய்த்துப் போட வேண்டும்போல் வந்தது. பொய் எதற்கு, அப்படித்தான் வந்தது. அவள் புருஷன் இன்னொரு முறை "ஏடவொத்து" என்றபோது அந்த எரிச்சல் மெதுவாகத் திரும்பி, அது யார்மேல் வர வேண்டியதோ அந்த ஆளைப் பார்த்துக்கொண்டு திருத்தணிக்குப் போனது.

நர்ஸம்மாவிடம் வந்தாள். "செத்தவங்க யாரும்மா?"

"அதைச் சொல்ல மாட்டோம். குடுத்த வீட்டுக்காரங்களுக்கும் யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டோம்."

"எங்க நைனா, தான் செத்தா எனக்குத்தான் கண்ணுன்னு முகாமுல எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அது?"

நர்ஸம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"இங்க அப்படி ஏற்பாடே கிடையாதும்மா. யார் குடுத்தாலும், அன்னைக்கு வரிசையில யாரு முதல்ல இருக்காங்களோ, யாரு உடனே வந்து சேர்றாங்களோ, அவங்களுக்குத்தான். அப்பன் கண்ணு மகளுக்குன்னு கட்டி வைக்க அது என்ன காணியா?"

இத்தனை வருஷம். அத்தனை தார். குழாயடியில் நசுங்கின குடம்.

"என் பேரு இருக்குதா, எடுத்துட்டீங்களா?"

"இருக்குது. முதல்லதான் இருக்குது. அடுத்தது வந்தா சொல்லுவோம்."

"போன் வந்தா எங்க நைனாவாண்ட சொல்லக் கூடாதுன்னு எழுதிக்கோங்க. அதே கடைதான். அம்சான்னு கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை அவர்கள் ஊருக்குத் திரும்பினபோது தெரு பழைய தெருவாகிவிட்டிருந்தது. வீட்டுக்கு வீடு தறி. வாழைப்பழத் தோலும் வாடின பூவும் காலில் மிதிபட்டன. வீரபத்திரன் வாசலில் நின்றிருந்தான். அவன் போனை மறைத்த விஷயம் தெருவுக்குத் தெரிந்திருந்தது. பஞ்சாட்சரம் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு தறியாக நின்று, ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"கெடைக்கலியா?" என்றான் வீரபத்திரன். குரலில் பயமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை அவள் கேட்டுவிட்டாள். "போனா போவுது உடு. நான் கீறேன். என் கண்ணு எங்க போவப்போவுது?"

"உன் கண்ணு எனக்கு வராது நைனா."

"யாரு சொன்னது?"

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நீ செத்தா அன்னைக்கு வரிசையில யாரு முன்னாடி நிக்கறாங்களோ அவங்களுக்கு. உப்பளத்துக்காரியா இருக்கலாம், ரிக்‌ஷா இழுக்கறவனா இருக்கலாம், எந்த சாதியாவும் இருக்கலாம். அவங்க பேரை உனக்குச் சொல்ல மாட்டாங்க. உன் பேரை அவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. மாலை போட மாட்டாங்க." ஒரு அடி முன்னால் வந்தாள். "இப்போ சொல்லு, தெருவே கேக்குது. குடுப்பியா?"

தெரு கேட்டது. டீக்கடையில் பெஞ்சு ஒதுங்கிக் கொடுத்த தெரு. எல்லாரும் வீரபத்திரன் வாயைப் பார்த்தார்கள்.

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். எடுத்தான். மறுபடியும் போட்டான்.

"யாருக்குப் போவுதுன்னே தெரியாம எப்படிம்மா குடுக்கறது?" என்றான்.

"அப்படித்தான் நைனா எனக்குக் குடுத்தாங்க. பேரு கேக்கல. சாதி கேக்கல. தார் சுத்துவாளான்னு கேக்கல. அவுங்க வீட்டுல பொணம் கெடந்தப்ப, அழுதுகினே குடுத்திருக்காங்க. நீ அதைக் கொன்னுட்ட."

உள்ளே போனாள். ராட்டினத்தைத் தடவி எடுத்தாள். அது அவள் அம்மாவுடையது, அதைக் கேட்க அவனுக்கு வாயில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு அம்சா வீட்டுப் படியேறினாள். தாருக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு தெருவில் யார் நூல் கொடுத்தாலும் தமயந்தி சுற்றித் தருவாள் என்று அம்சா அங்கேயே நின்று சொன்னாள். "கண்ணு குடுத்தவரு வேணும்னாலும் வரலாம். கூலியோட வரணும்" என்று சேர்த்துச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகத் தறிக்குத் திரும்பினார்கள்.

மத்தியானத்துக்கு மேல், நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் வீரபத்திரன் தறியில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. தானாகவே தார் சுற்றியிருக்கிறான். நாடா ஒரு முறை போனது. திரும்பி வந்தது. அறுந்தது. ரொம்ப நேரம் சத்தமில்லை, முடி போடுகிறான். மறுபடியும் நாடா போனது. மறுபடியும் அறுந்தது. குழலில் நூல் தளர்ந்து ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சுற்றியிருக்க வேண்டும். அது தமயந்தியின் விரலுக்குத் தெரியும்.

"அறுந்துகினே கீது பாப்பா" என்றாள் அம்சா மெதுவாக.

"ஆங்" என்றாள் தமயந்தி. எழுந்து போகவில்லை. தன் சக்கரத்தைச் சுற்றினாள். காது மட்டும் தெருமுனையில் பஞ்சாட்சரம் கடைப் பக்கம் இருந்தது.